ஒரு நூல் இடப்பக்கம்

என் அக்காவின் கணவரை எங்கள் பைக் ஷோரூமில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வட்டம்' என்றுதான் சொல்வார்கள். மேனேஜர் மட்டும் 'வட்டம் சார்' என்பார். மரியாதை கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுக்க வேண்டும், இப்படி வாலில் ஒட்டிவிடக் கூடாது என்பது என் கட்சி. அதே ஷோரூமில் உதிரிபாகக் கவுன்ட்டரில் இருப்பவன் நான், எனவே இந்தக் கூத்தையெல்லாம் தினமும் கேட்டாக வேண்டும். மாமா எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஷோரூமின் பின்பக்கம் ஒரு யார்ட் இருக்கிறது. லாரியில் பெட்டியோடு வந்திறங்கும் புது வண்டிகளை அங்கேதான் பிரிப்பார்கள். முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி, பேட்டரி எல்லாம் மாட்டி, பிரேக்கைச் சரிபார்த்து, கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, முதல் ஆளாக ஏறி ஓட்டிப் பார்ப்பது மாமாவின் வேலை. நம்பர் வாங்காத வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. எனவே ஓட்டமெல்லாம் யார்டுக்குள்ளேயேதான். நடுவில் காலிப் பெட்டிகளின் குவியல், அதைச் சுற்றி ஒரு வட்டம். லாரிக்குக் குறுக்கே போய்விடக் கூடாது என்று யாரோ எப்போதோ சுவரில் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது இடப்பக்கம் திரும்பச் சொல்லும். அதைப் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அம்புக்குறி போகவில்லை. மாமாவும் அன்றிலிருந்து இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் இரண்டாவது கியருக்கு மேல் போட முடியாது. போட்டால் சுவர் வந்துவிடும். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், அதன் மேல் கண்ணாடிச் சில்லு. வெளியே போகும் பஸ்ஸின் கூரை மட்டும் தெரியும். மாமா பைக் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த யார்டில்தான். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்திலும் எட்டு போடத்தான் சொன்னார்கள். வலப்பக்க வளைவில் ஒரு தடவை காலை ஊன்றிவிட்டாராம், அதிகாரி பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்.

"ஊர்ல ஓடுற பாதி வண்டிக்கு நான்தான் மாப்ள முதல் சவாரி" என்று பெருமையாகச் சொல்வார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்து, பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். வண்டிக்காரர் பயந்து பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

வீட்டிலும் அவருக்குச் சுற்றுதான். இரண்டு அறை கொண்ட மாடி வீடு. அக்கா, மாமா, அவர்கள் பெண், ஒட்டுக்குடித்தனமாக நான். நால்வருக்கும் சேர்த்து ஒரு பழைய ஸ்கூட்டர். காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவார். அடுத்த நடை அக்காவைத் தையல் கம்பெனியில் விட. அதற்கடுத்தது என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஷோரூமுக்கு. சாயங்காலம் இதே படத்தைப் பின்னாலிருந்து ஓட்டுவார். கீழ் வீட்டுக்காரர்களும் அவசரத்துக்கு மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள். இளைத்தவன் என்று தெரிந்தால் ஊர் விடுமா? யாரையும் இறக்கிவிடாமல் அவர் எங்காவது போய் நான் பார்த்ததில்லை. அந்த ஸ்கூட்டர் நேராகப் போனதாகவும் சரித்திரம் இல்லை. ஓரமாகவே இழுத்துக்கொண்டு போகும். கேட்டால், "பின்னாடி நீ உக்காந்தா எந்த வண்டிதான் நேராப் போகும்?" என்பார். என் உடம்பு அப்படி, அதனால் நானும் மறுத்துப் பேசியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வண்டி வந்து இறங்கியது.

அதே பெயரில் முன்பு ஒரு மாடல் இருந்தது. எருமைக்கு மட்கார்டு மாட்டியதுபோல் இருக்கும். கம்பெனிக்காரர்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புதிதாக வரைந்திருந்தார்கள். வேண்டாத பிளாஸ்டிக் அத்தனையையும் கழற்றி எறிந்து, டேங்கை ஒடுக்கி, சீட்டைத் தாழ்த்தி, ஹேண்டில்பாரைக் கொஞ்சம் அகலமாக்கியிருந்தார்கள். நடுவில் ஒற்றை சிலிண்டர், ஒளித்து மறைக்காமல் பளிச்சென்று தெரிந்தது. வண்டியின் பின்பக்கம் பாதியில் நின்றுபோன பேச்சைப்போல் சட்டென்று முடிந்துவிட்டது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்தபோது மாமா வழக்கம்போல் மூச்சைப் பிடித்துத் தூக்கினார். வண்டி கையோடு எழுந்து வந்துவிட்டது. அவரே தடுமாறிப் போனார்.

கிக் இல்லை, பட்டனை அழுத்தினால் போதும். மற்ற வண்டிகள் உறுமும், இது பேசியது. டப் டப் டப் என்று ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்டது. மாமா ஏறி ஒரு சுற்று போனார். வழக்கமாக மூன்று நாலு சுற்றில் இறங்கிவிடுபவர், அன்று இறங்கவில்லை. நான் கவுன்ட்டரை விட்டுவிட்டுக் கதவருகில் நின்று பார்த்தேன். இடுப்பை லேசாக அசைத்தாலே வண்டி திரும்பியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் அக்கா கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

"என்ன மாமா, பெட்ரோல் காலியாகட்டும்னு காத்திருக்கீங்களா?" என்றேன்.

இறங்கி, டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். "மத்த வண்டியெல்லாம் நம்மளத் தூக்கிட்டுப் போகும் மாப்ள. இது எங்க போலாம்னு கேக்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல. செவுத்தக் காட்டினேன்."

பிறகு பின்சீட்டைத் தட்டிக் காட்டினார். அது சீட்டே இல்லை, பெயருக்கு ஒரு துண்டு. "பாத்தியா? இதுல யாரையும் கொண்டுபோய் விட முடியாது" என்றார். குறை சொல்வதாகத்தான் முதலில் நினைத்தேன். இல்லை, அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

அந்த மாதமே கம்பெனி ஒரு திட்டம் கொண்டுவந்தது. நம்பர் போட்ட டெமோ வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய், கேட்பவர்களுக்கு ஓட்டிக் காட்டவும் ஓட்டக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். தினமும் சாலை. அதுவும் தனியாக. மாமா கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதையும் கேட்டு அந்த அறைக்குள் போனதில்லை.

"வட்டம் சார், உங்களுக்கு எதுக்கு இந்த வெயில்ல அலையற வேலை?" என்றார் மேனேஜர்.

"வெயில் நல்லாத்தான் சார் இருக்கும்."

மேனேஜர் சிரித்தார். கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருவார், அவர் பார்த்துச் சரி என்றால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா முதலில் கேட்டது, "காலையில பாப்பாவ யாரு கொண்டு விடுவா?" என்றுதான். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, போங்க. நான் பஸ்ல போயிக்கறேன். பாப்பாவத் தம்பி நடத்திக் கூட்டிட்டுப் போவான். அவனுக்கும் உடம்பு குறைஞ்ச மாதிரி இருக்கும்."

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு அன்று கோபம் வரவில்லை. மாமா ஆறின சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தப் பழமொழியே இந்தத் தடவை பொய்யாகிவிடும்போல இருந்தது.

முதல் புகாரைக் கொண்டுவந்தது ஒரு நர்ஸ். புது மாடலை வாங்கிய முதல் ஆளும் அவர்தான். வண்டி தங்கம் என்றார், பிரேக் அற்புதம் என்றார். "ஆனா கையை லேசா தளர்த்தினா இடப்பக்கமாப் போகுது. நான் ஒருபக்கமாப் பிடிச்சுக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு" என்றார். டை கட்டிய எங்கள் சேல்ஸ்மேன், ரோட்டுச் சரிவு மேடம் என்று சொல்லி அனுப்பிவிட்டான். மறுவாரம் இன்னொருவர் வந்தார், அதே புகார். பிறகு இன்னும் இருவர். அத்தனை ரோடும் ஒரே பக்கமாகவா சரியும்?

பயிற்சியாளர் வந்து சேர்ந்தபோது இந்த வண்டிகள்தான் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. குள்ளமான ஒரு பெண், கையிடுக்கில் ஹெல்மெட், காரியத்தைத் தவிர வேறு பேச்சில்லை. சக்கரத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சேஸிஸை அளந்தார். எல்லாம் கச்சிதம். கடைசியில் தரையில் மண்டியிட்டு, முன்சக்கரத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே கண்ணை வைத்துப் பார்த்தார்.

"ஹேண்டில்பார் ஒரு நூல் அளவு இடப்பக்கம் வாங்கியிருக்கு. எல்லா வண்டியிலயும். இதை யாரு செட் பண்றது?"

மாமா முன்னால் வந்தார். சுற்றிப் பார்த்து, தன் கைக்கு நேராகப் படும் இடத்தில்தான் அவர் ஹேண்டில்பாரை முறுக்குவது வழக்கம். வண்டியில் ஏறி யார்டில் ஒரு சுற்று சுற்றினார். "நேராத்தானே மேடம் இருக்கு?"

"ரெண்டு கையையும் லேசா விட்டுட்டு சுத்துங்க."

சுற்றினார். வண்டி அழகாக, அம்புக்குறி காட்டிய வழியில், தானே திரும்பிப் போனது.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பழைய மாடல் ஒன்றை உருட்டிவரச் சொல்லி அதையும் பார்த்தார். அதிலும் அதே ஒரு நூல். அதற்கு முந்தைய மாடலிலும். எங்கள் ஷோரூமிலிருந்து போன வண்டிகளெல்லாம் இத்தனை வருடமாக அதே பக்கம் சாய்ந்துகொண்டுதான் போயிருக்கின்றன. கனமான வண்டிகள், யாருக்கும் உறைக்கவில்லை. ரோடு சரியில்லை, காற்று பலம், கை வலி என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக்கொண்டு ஊரே ஓட்டியிருக்கிறது.

"இது லேசான வண்டி. எதையும் மறைக்காது" என்றார் அவர்.

பிறகு மாமாவை ஷோரூமுக்குள் கூட்டிப்போய், டைல்ஸ் கோட்டின் மேல் நிற்க வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவர் வரை நடக்கச் சொன்னார். மாமா விறைப்பாக, போலீஸ்காரர்போல் நடந்தார். கோட்டை விட்டு இடப்பக்கம் விலகினார், இன்னும் விலகினார், நடை நிற்கவேயில்லை. என் கவுன்ட்டர் கண்ணாடியில் முட்டிக்கொண்டுதான் கண்ணைத் திறந்தார். அங்கே அவர் எதிர்பார்த்த சுவர் இல்லை, நான் இருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சேல்ஸ்மேனின் டையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது.

இருந்தாலும் சாலையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். டெமோ வண்டியின் ஹேண்டில்பாரை அவரே அளந்து நேராக்கினார். மாமா அதில் முன்னால் போக, அவர் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்தார். டூல்ஸ் பையோடு அவர் வண்டியின் பின்சீட்டில் நான். ஊருக்கு வெளியே போகும் அந்தச் சாலை நூல் பிடித்ததுபோல் இருக்கும், இரண்டு பக்கமும் வெற்று நிலம். மாமா மூன்றாவது கியர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நாலாவது. டப் டப் என்பது ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இழுப்பாக ஆனது. அவர் சட்டை முதுகில் காற்று புகுந்து உப்பியது. அவர் என்னவோ கத்தினார். பாட்டா, சந்தோஷமா தெரியவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயிற்சியாளர்தான் முதலில் கவனித்தார். "பாருங்க" என்றார். மாமா நடுச்சாலையில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வெள்ளைக் கோடு வரை வந்ததும் வெடுக்கென்று ஒரு திருத்தம், மறுபடி அதே இழுப்பு. மூன்றாவது தடவை அவர் திருத்தவில்லை. வேகத்தில் மறந்துவிட்டார்போல. வண்டி அவரோடு சேர்ந்து மெல்ல சரளைக்கல்லில் இறங்கி, வழுக்கி, நல்லவேளையாக விழாமல் நின்றது. பக்கத்தில் போய் நிறுத்தினோம். மாமா ஹேண்டில்பாரை விடவில்லை. முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

"வண்டி நேரா இருக்கு. நீங்கதான் ஒரு பக்கமா இருக்கீங்க" என்றார் அந்தப் பெண். வலிக்கச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். "இது யார்டு செஞ்ச வேலை. ஒரு மாசம் தினம் இந்த மாதிரி நேர் ரோட்டுல ஓட்டினா சரியாயிடும். உங்க கை நல்ல கை. ஒரு மாசம் பொறுத்து உங்களையே போடச் சொல்றேன்."

திரும்பும்போது மாமா மெதுவாக, கோட்டையே பார்த்துக்கொண்டு, தேர்வு எழுதும் பிள்ளைபோல் ஓட்டி வந்தார்.

மேனேஜர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பயிற்சியாளரைப் புகழ்ந்தார், மாமாவை இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார். முதலாளிமார் சும்மா புகழ மாட்டார்கள்.

"இந்த மாடலுக்கு என்ன வரவேற்புன்னு பாக்கறீங்கல்ல? எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. லாரி மேல லாரி வருது. வட்டம் சார் வேகத்துக்கு வேற யாராலயும் வண்டி இறக்கித் தர முடியாது. இவர ஒரு மாசம் ரோட்டுக்கு அனுப்பிட்டா யார்டை நான் மூடவா?"

"நான் பாத்துக்கறேன் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஏறினா ஷாக் அப்சார்பர் யார்டுலயே உயிர விட்டுடும்" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். என் யோசனையும் அந்தச் சிரிப்போடு போயிற்று.

மாமா விரும்பிய வண்டி ஊருக்கும் பிடித்துப்போனதுதான் வினை. அது விற்காமல் கிடந்திருந்தால் அவரை விட்டிருப்பார்கள். டெமோ வண்டி சேல்ஸ்மேனுக்குப் போயிற்று. அவன் நேராக ஓட்டுவான், அதைத் தவிர வண்டியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹேண்டில்பாரை நேராக்க முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை கயிறு கட்டிப் பார்க்கும் முறையைப் பயிற்சியாளர் மாமாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அம்புக்குறியை அழித்துவிட்டு வலப்பக்கமும் சுற்ற விடுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். லாரி வரத்து அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் ஓயட்டும் என்றார் மேனேஜர். மாமா கயிற்றைக் கட்டி, ஹேண்டில்பாரை நேராக்கி, அதே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். இப்போது வண்டிகள் நேராகப் போகின்றன. புகார் ஒன்றும் இல்லை.

மேனேஜர் கைவிரித்த அன்று சாயங்காலம் ஸ்கூட்டர் பஞ்சர். கடையில் விட்டுவிட்டு, பாப்பாவைக் கூட்டிவரச் சொல்லிக் கீழ் வீட்டுக்குப் போன் செய்துவிட்டு நடந்தோம். வழியில் தையல் கம்பெனி வாசலில் அக்காவும் சேர்ந்துகொண்டாள். நடைபாதை குறுகலானது, இடது ஓரத்தில் திறந்த சாக்கடை. மாமாவும் அக்காவும் முன்னால், நான் பின்னால். மாமா நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது கியரைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏறியது. மேனேஜர் சொன்னதைச் சொல்லி முடித்ததும் அக்கா அவரைத் திட்டவில்லை, மேனேஜரைத் திட்டினாள். நன்றாகவே திட்டினாள். பிறகு, "அந்தப் பொண்ணு உங்க உடம்பப் பத்தி என்னதான் சொன்னா?" என்று கேட்டாள்.

"அதே பக்கமாச் சுத்திச் சுத்தி, ஆளே இடப்பக்கம் வாங்கிட்டேனாம். நடந்தாலும் அப்படித்தான் போறேனாம். எனக்கு ஒண்ணும் தெரியல."

அக்கா அவருக்கு இடப்பக்கம்தான் நடந்துகொண்டிருந்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நான் இந்தப் பக்கம்தான் நடக்கறேன்" என்றாள். "ரோடு காலியா இருந்தாலும் நீங்க எம்மேல இடிச்சுக்கிட்டேதான் வருவீங்க."

"ஆமா, திட்டுவியே."

"வெளிய திட்டுவேன். அம்மாகிட்ட சொல்லியிருக்கேன், இந்த மனுஷன் வாயத் தொறந்து ஆசையா ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு, ஆனா நடக்கறப்ப எம்பக்கமே சாஞ்சுதான் வருவாருன்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. "அதுவும் யார்டுதானா?"

மாமா சட்டென்று நின்றார். ஏதாவது சொல்லுங்கள், ஒரு பொய்யாவது சொல்லித் தொலையுங்கள் என்று எனக்குப் பின்னாலிருந்து கத்த வேண்டும்போல் இருந்தது. அவருக்குப் பொய் வராது.

"தெரியல" என்றார். "எனக்கு நேராப் போற மாதிரிதான் இருக்கும்."

மறுபடி நடந்தார்கள். அவர் தன்னையறியாமல் அவள் பக்கம் வந்துகொண்டேயிருந்தார், அவள் சாக்கடை விளிம்புக்கு நகர்ந்துகொண்டேயிருந்தாள். இன்னும் ஓரடி வைத்தால் உள்ளே விழுந்துவிடுவாள்.

"அக்கா, அந்தப் பக்கம் மாறிக்கயேன்" என்றேன்.

அவள் மாறவில்லை.